கல்லும் சுடுதண்ணியும் கைமாற்றிக்கொள்வது

எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் ஒரு கல் வளர்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அம்மா அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டுக் கொதிக்கவைத்து, பிறகு கேத்திலைக் கவிழ்த்து அகப்பைக் காம்பால் தட்டுவார். செதில் செதிலாக விழும். சென்ற மாதம் விழுந்த ஒன்று பெருவிரல் நகத்தளவு இருந்தது. உலோகத்தில் ஒட்டியிருந்த பக்கம் வழவழப்பு, மற்றப் பக்கம் சொரசொரப்பு. உடைத்து விளிம்பைப் பார்த்தேன். வெள்ளை, மங்கிய வெள்ளை, இலேசான மண்ணிறம் என்று மெல்லிய படைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. ஒவ்வொரு படையும் சில நாள் தேத்தண்ணி.

"உதை ஏன் பிள்ளை எடுத்து வைக்கிறாய்?" என்று அம்மா கேட்டார்.

"வகுப்பில காட்ட அம்மா."

உயர்தர மாணவர்களுக்கு நான் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். மறுநாள் அந்தச் செதில் கைக்குக் கை போனது. "ரீச்சர், உது கிணத்துக் கல்லுத்தானோ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஓம், அதே கல்தான். 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது மயோசீன் காலம். அந்தக் காலத்துக் கடலில் ஓடுகளும் சிப்பிகளும் படிந்து இறுகியதுதான் யாழ்ப்பாணத்தின் அடிக்கல். மழைத் தண்ணீர் மண்ணிலிருந்து காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு அதைக் கரைக்கிறது. நாங்கள் அந்தத் தண்ணீரை அள்ளிக் கொதிக்கவைக்கிறோம். காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த கல் கேத்திலில் திரும்பவும் கல்லாகிறது. இதைப் பாடப்புத்தகத்திலேயே படித்துவிடலாம்.

நான் சொல்ல நினைத்தது வேறொன்று. கல்லும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது, கல்லின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பெயரும் மாறவில்லை என்றாலும் உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படித்த நாளிலிருந்து என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயம் இதுதான்.

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி இருந்தது. அதில் ஒரு பொட்டு. ஊரில் எல்லா வேலிக்கும் ஒரு பொட்டு இருக்கும். அதுவழியாகக் கறி போகும், பிள்ளைகள் போவார்கள், அவசரத்துக்கு அரிசியும் போகும். அம்மம்மா ஒரு கொத்துப் பச்சையரிசி கொடுப்பார், கிழமை கழித்து ஒரு கொத்து மொட்டைக்கறுப்பன் திரும்பி வரும். இரண்டு வீட்டுப் பானையிலும் அரிசி எத்தனை கொத்து என்று அளந்தால் மாற்றமே இருக்காது. பானையைத் திறந்து பார்த்தால்தான் வெள்ளைக்குள் சிவப்பு கலந்திருப்பது தெரியும்.

கல்லிலும் தண்ணீரிலும் அந்த அரிசி ஒட்சிசன். தண்ணீரின் எடையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஒட்சிசன். சுண்ணக்கல்லில் நூற்றுக்கு 48 பங்கு. இரண்டு பானையிலும் இருப்பது ஒரே சாமான் என்பதால்தான் கைமாற்று நடக்கிறது. ஆனால் ஒட்சிசன் எல்லாம் ஒரே பாரம் இல்லை. பெரும்பாலானவை 16 அலகு. ஏறத்தாழ 500இல் ஒன்று, இரண்டு நியூத்திரன் கூடிய 18 அலகு. இவற்றை நாங்கள் சமதானிகள் என்போம், தமிழ்நாட்டில் ஓரிடத்தான்கள் என்பார்கள். ஒட்சிசன்-18 கதிர்வீசி அழிந்துபோவதில்லை. ஆயிரம் ஆண்டானாலும் கோடி ஆண்டானாலும் அது அதுதான். போட்டது போட்டபடி கிடக்கும் என்பதால்தான் அதை நம்பிக் கணக்குப் பார்க்க முடிகிறது.

கைமாற்று நியாயமாக நடப்பதில்லை. பாரமானது கல்லுக்குள் இருக்கவே விரும்பும். "விரும்பும்" என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் காரணம் கறாரானது. அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு ஒரு சுருள்வில்லைப் போல அதிர்ந்துகொண்டே இருக்கிறது. பாரமான அணு கொஞ்சம் மெதுவாக அதிரும். மெதுவாக அதிர்ந்தால் சக்தி குறைவு, பிணைப்பை அறுப்பது கடினம். வில் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு இந்த இலாபம் கூடும். காபனோடும் சிலிக்கனோடும் ஒட்சிசன் கட்டியிருக்கும் பிணைப்பு மிக இறுக்கம். அதனால் சுண்ணக்கல்லின் கனிப்பொருளான கல்சைற்றிலும், மணலின் கனிப்பொருளான குவாட்ஸிலும் பாரமான ஒட்சிசன் சேரும். இரும்போடு கட்டிய பிணைப்பு தளர்வு, ஆகவே இரும்புக் கனிப்பொருளான மகனெற்றைற்றில் குறைவு. சூடு ஏற ஏற எல்லாமே கண்டபடி குலுங்கும், இந்தச் சின்ன இலாபத்துக்கு மதிப்புப் போய்விடும். எனவே கல்லுக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால், அவை எந்தச் சூட்டில் கைமாற்றிக்கொண்டன என்று சொல்லிவிடலாம். பாரமான ஐதரசனை 1931இல் கண்டுபிடித்து 1934இல் நொபெல் பரிசு வாங்கிய ஹரல்ட் யூரி, 1947இல் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். தெர்மோமீற்றர் இல்லாத காலத்துக்கும் இடத்துக்கும் ஒரு தெர்மோமீற்றர் கிடைத்தது.

கல்சைற்றுக்கான எண்களைச் சொல்கிறேன், அவற்றைப் பார்த்தால்தான் இதன் அழகு பிடிபடும். 25 பாகை செல்சியஸில் தண்ணீரைவிடக் கல்சைற்றில் ஒட்சிசன்-18 ஆயிரத்துக்கு ஏறத்தாழ 28 கூட. 100 பாகையில் அது 17. 200இல் பத்துக்குச் சற்றுக் குறைவு. 300இல் ஆறுக்கும் குறைவு. வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்து, அதன் வர்க்கத்தால் வகுத்துக்கொண்டு போனால் இந்த எண்கள் வரும். கடதாசி ஒன்றும் பேனை ஒன்றும் போதும்.

ஆனால் அந்தச் சமன்பாட்டுக்குள் இருக்கும் எண்களை யாரோ அளந்திருக்க வேண்டுமே. அளந்தவர்களில் ஒருவரைப் பற்றி நான் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.

1969இல் வந்த அந்த ஆய்வின் மூன்று பெயர்கள் ஓநீல், கிளேய்ற்றன், மயேடா. மூன்றாமவர் தொஷிகோ மயேடா என்ற பெண். அமெரிக்காவில் பிறந்தவர், பெற்றோர் யப்பானிலிருந்து வந்தவர்கள். இரண்டாம் உலகப்போரின்போது, யப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக ரூலி லேக் என்ற தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். முகாம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் யாருக்கும் அர்த்தம் சொல்லத் தேவையில்லை. போர் முடிந்தபின் சிக்காகோவில் படித்து, 1949இல் இரசாயனவியலில் பட்டம் பெற்றார். யூரியின் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் வேலைக்குத்தான் அவரை முதலில் எடுத்தார்கள். கொஞ்ச நாளில், அணுக்களைப் பாரத்தால் பிரித்து அளக்கும் திணிவு நிறமாலைமானி அவருடைய கையில் இருந்தது. 1963இல் அவரும் ரொபேட் கிளேய்ற்றனும், புரோமின் பென்ராபுளோரைட்டு என்ற மிக ஆபத்தான பொருளைக்கொண்டு பாறையிலிருந்து ஒட்சிசனை முழுவதுமாகப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் அந்த முறைக்கு அவர்கள் இருவரின் பெயர்தான். முதன்முதலில் அந்தப் பெயரைக் குறிப்பேட்டில் எழுதியபோது அது பெண்ணின் பெயர் என்றே எனக்குத் தெரியாது. தெரிந்த அன்று இரவு நித்திரை வரவில்லை.

அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். பொடியாக்கிய கனிப்பொருளையும் தண்ணீரையும் சேர்த்து அடைத்து, நூற்றுக்கணக்கான பாகை சூட்டில், கடும் அமுக்கத்தில் நாட்கணக்காக வைத்திருப்பார்கள். பிறகு திடீரென்று குளிரவைத்து இரண்டையும் தனித்தனியாக அளப்பார்கள். சிக்கல் என்னவென்றால், குவாட்ஸ் போன்ற பிடிவாதக்காரக் கனிப்பொருள்கள் எத்தனை நாள் வைத்தாலும் கைமாற்றை முடிக்காது. பாதியில் நிற்கும். பாதியில் நிற்பதை வைத்து முடிவை எப்படிச் சொல்வது? 1966இல் நோர்த்றப்பும் கிளேய்ற்றனும் ஒரு வழி காட்டினார்கள். ஒரே கனிப்பொருளை வெவ்வேறு தண்ணீர்களோடு வையுங்கள். ஒரு தண்ணீரில் பாரமான ஒட்சிசன் மிகக் கூட, மற்றதில் மிகக் குறைவு. ஒன்றில் கல் பாரம் ஏறும், மற்றதில் பாரம் இறங்கும். இரண்டும் முடிவுக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் எங்கே தொடங்கியிருந்தால் ஏறவும் இறங்கவும் மாட்டாதோ, அந்தப் புள்ளி கோட்டில் தெரிந்துவிடும். அதுதான் சமநிலை. முடியாத வேலையிலிருந்து முடிவை எடுத்த இந்த யோசனையைப் போலத் தெளிவான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒட்சிசன் கல்லுக்குள் பொட்டு வழியாக நுழைந்து போவதுபோல நான் சொன்னேன், ஆனால் திண்மமான கல்லுக்குள் ஊடுருவிப் போவது மிக மிக மெதுவான வேலை. உண்மையில் பெரும்பாலும் நடப்பது, கல்லின் ஒரு ஓரம் கரைந்து அதே இடத்தில் திரும்பவும் படிவது. வீட்டை ஒரு பக்கத்தால் இடித்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக் கல்லையும் கலந்து, பின்னாலேயே கட்டிக்கொண்டு வருவதுபோல. கட்டி முடிந்தால் அதே வீடு, அதே அறைகள்.

சரி, இனித் திருகோணமலைப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்று.

யாழ்ப்பாணத்தில் வெந்நீரூற்று இல்லை. எங்களுக்கு இருப்பது கீரிமலை, கடலோரத்தில் குளிர்ந்த நல்ல தண்ணீர். அந்தியேட்டிக்கும் ஆடி அமாவாசைக்கும் நாங்கள் கீரிமலைக்குப் போவோம், திருகோணமலைப் பக்கத்தவர்கள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போவார்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியது என்று கன்னியாவின் கதை. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வேறு. இலங்கையில் எரிமலை இல்லை. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. நிலத்துக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 பாகை கூடும்.

பேராதனையில் மூன்றாம் வருடம் படிக்கும்போது நான் அங்கே தண்ணீர் எடுக்கப் போனேன். காலை ஆறு மணி. இரண்டு அம்மாக்கள் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஈரச் சேலையிலிருந்து ஆவி எழுந்தது. கிணற்று விளிம்பில் குந்தி இரண்டு சின்னப் போத்தல்கள் நிரப்பினேன். ஒன்றை நிரப்பியதும் யாரோ வழி கேட்க, எழுந்து சொல்லிவிட்டு, மூடியைச் சும்மா திருகிப் பையின் வெளிப் பக்கத்தில் போட்டுவிட்டேன். கண்டி வரைக்கும் பஸ்ஸில் வெயில் பக்கம். பிறகு விடுதி யன்னலோரத்தில் சில கிழமைகள். அப்புறம்தான் ஒரு வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம்.

முடிவு வந்த நாள் எனக்குக் கை நடுங்கியது. ஒரு போத்தலின் ஒட்சிசன் பாரமாக விலகியிருந்தது. பாறையின் ஒட்சிசனைத் தண்ணீர் வாங்கியிருக்கிறது, நான் அதைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் நினைப்புக்குக் காரணம் ஹார்மன் கிறெய்க். உலகம் முழுவதும் மழையையும் ஆற்றையும் அளந்து, பாரமான ஐதரசனும் பாரமான ஒட்சிசனும் ஒரே கோட்டில் விழுவதை 1961இல் காட்டியவர் அவர்: ஐதரசனின் எண், ஒட்சிசனின் எண்ணை எட்டால் பெருக்கிப் பத்தைக் கூட்டியது. எண் என்பது, கடல்நீரோடு ஒப்பிட்டால் பாரமானது ஆயிரத்துக்கு எவ்வளவு கூட அல்லது குறைவு என்பது. 1963இல் அவரே வெந்நீர்ப் பிரதேசங்களைக் கோட்டில் போட்டுப் பார்த்தார். அவை கோட்டிலிருந்து வலப்பக்கமாக, நேராகப் படுத்த மாதிரி விலகின. ஒட்சிசன் மாறியிருந்தது, ஐதரசன் அந்த ஊர் மழையின் ஐதரசனாகவே இருந்தது. பாறையில் ஒட்சிசன் ஏராளம், ஐதரசன் மிகக் கொஞ்சம். கொடுப்பதற்கு ஒன்று நிறைய இருந்தது, மற்றது இல்லை. வெந்நீரும் ஆவியும் எரிகுழம்பிலிருந்து பிறக்கின்றன என்ற பழைய எண்ணத்தை அந்தப் படுத்த கோடு உடைத்தது. அது மழைதான், கல்லோடு இருந்து வந்த மழை.

என் போத்தலின் ஐதரசனையும் குறித்துப் பார்க்கும்படி விரிவுரையாளர் சொன்னார். குறித்தேன். ஐதரசனும் பாரமாகியிருந்தது. புள்ளி படுக்கையாகப் போகவில்லை, ஐந்தளவு சரிவில் மேலே ஏறியிருந்தது. அது ஆவியாதலின் சரிவு. இலேசான தண்ணீர் தளர்ந்த மூடி வழியாகப் போய்விட்டது. இறுக மூடிய மற்றப் போத்தல் மழைக் கோட்டிலேயே இருந்தது. இலங்கை வெந்நீரூற்றுகளை முறையாக அளந்தவர்களும் அது மழைநீர்தான் என்றே கண்டிருக்கிறார்கள். நான் கல்லின் கையைக் கண்டேன் என்று நினைத்தது வெயிலின் கை. அன்றைக்கு அழுதேன். ஆனால் ஒரு புள்ளி எந்தப் பக்கம் விலகுகிறது என்பதில் அவ்வளவு கதை இருக்கிறது என்பதை நான் அப்படித்தான் படித்தேன், இனி மறக்காது.

கல்லின் கையை உண்மையாகப் பார்க்கக் கலிபோர்னியாவில் சால்ற்றன் சீ என்ற ஏரிப் பக்கம் போக வேண்டும். அங்கே ஆழ்துளைக் கிணறுகளில் வரும் வெந்நீர் 300 பாகையைத் தாண்டும், அடியில் காபனேற்றுக் கலந்த படிவுகள். அதன் ஒட்சிசன் விலகல் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. 1968இல் கிளேய்ற்றனும் உடனிருந்தவர்களும் அங்கே ஒரு துளையின் கற்களை அளந்தார்கள். கல்சைற்று 150 பாகையளவிலேயே தண்ணீரோடு சமநிலைக்கு வந்திருந்தது. ஆறு கொண்டுவந்து போட்ட குவாட்ஸ் மணலோ, 300 பாகை தாண்டியும் தன் பழைய ஒட்சிசனை விடாமல் வைத்திருந்தது. ஒரே துளை, ஒரே சூடு, ஒரே தண்ணீர். இதற்கு எதிர்ப்பக்கம் ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவு. அங்கே ஏறத்தாழ 6 கோடி ஆண்டுப் பழைய எரிமலைப் பாறைகளில் பாரமான ஒட்சிசன் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. அன்றைய மழை சூடேறிப் பாறைக்குள் சுற்றிச் சுற்றி ஓடி, தன் இலேசான ஒட்சிசனைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. தண்ணீர் எப்போதோ போய்விட்டது, கணக்குப் பாறையில் கிடக்கிறது.

யார் யாரை மாற்றுகிறார் என்பது யாரிடம் ஒட்சிசன் கூட என்பதைப் பொறுத்தது. எங்கள் கிணற்றுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லீற்றர் தண்ணீரில் 889 கிராம் ஒட்சிசன். நல்ல கடினமான தண்ணீர் என்று வைத்து, லீற்றருக்கு 300 மில்லிகிராம் சுண்ணக்கல் கரைந்திருந்தால், அதில் ஒட்சிசன் 144 மில்லிகிராம். ஆறாயிரத்துக்கு ஒன்று. எங்கள் கல் எங்கள் தண்ணீரை இம்மியும் அசைக்காது. ஆழத்துப் பாறைக்கு அதே கணக்கைப் போடுங்கள். ஒரு கன மீற்றர் கருங்கல், அதில் நூற்றுக்கு ஒரு பங்கு வெடிப்பு, வெடிப்பு நிறையத் தண்ணீர். கல்லில் 1300 கிலோ அளவு ஒட்சிசன், தண்ணீரில் 9 கிலோதான். அங்கே தண்ணீர்தான் மாறும், போதிய சூடும் போதிய காலமும் இருந்தால்.

இந்த எண்களில் எனக்கு மனம் கனக்கும் இடம் ஒன்று இருக்கிறது. எங்கள் கல் மயோசீன் கடலில் பிறந்தபோது அந்தக் கடலின் சூட்டை எழுதி வைத்தது. ஆனால் பிறகு எத்தனையோ மாரி அதற்குள் இறங்கி, கரைத்து, திரும்பப் படியவைத்திருக்கிறது. ஆறாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், திரும்பப் படியும் ஒவ்வொரு மணியும் கடலின் ஒட்சிசனை விட்டு மழையின் ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். நன்னீரில் ஊறிய சுண்ணக்கற்கள் எங்கும் இப்படித்தான் இலேசாகிப் போகின்றன. கிணற்றுச் சுவரில் சிப்பியின் வடிவம் அப்படியே தெரியும், வரிகூட எண்ணலாம். அந்தக் கடல் எவ்வளவு சூடு என்று கேட்டால் அதனால் சொல்ல முடியாது.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்ததும், அதே பிள்ளை கேத்தில் செதிலை எடுத்து, "அப்ப ரீச்சர், இதை அளந்தால் 100 பாகை எண்டு வருமோ?" என்று கேட்டாள்.

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி, ஆனால் 100 பாகை என்று வராது என்பதுதான் பதில். சமநிலைக்கு அவகாசம் வேண்டும், கேத்திலில் அவகாசம் இல்லை. காபனீரொட்சைட்டு குபுகுபுவென்று ஓடுகிறது, கல் அவசரத்தில் படிகிறது. ஆவியும் சும்மா போவதில்லை. 100 பாகையில் ஆவி தண்ணீரைவிட ஆயிரத்துக்கு 5 இலேசு, அதனால் மிஞ்சும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கப் பாரமாகிறது. எல்லாம் சேர்ந்து அந்தச் செதிலின் எண்ணைக் குழப்பிவிடும். மெதுவாக வளர்ந்த கல் வேண்டும்.

"அது எங்க கிடக்கும்?"

பின்னேரம் நாலைந்து பேர் எங்கள் கிணற்றடிக்கு வந்தார்கள். கட்டின் கீழே, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, சுண்ணக்கல்லில் முட்டையளவு ஒரு பொந்து உண்டு. ரோச் அடித்துப் பார்த்தால் உள்ளே எள்ளளவு பளிங்குகள், கண்ணாடி போல, ஒவ்வொன்றும் கூர் வைத்து நிற்கும். தேத்தண்ணி அவசரம் இல்லாமல், கிணற்று நீரின் சூட்டிலேயே வளர்ந்தவை. ஆனால் கல்லை மட்டும் அளந்து பயனில்லை. கல்லின் எண், தண்ணீரின் எண், வெப்பநிலை ஆகிய மூன்றில் இரண்டு தெரிந்தால்தான் மற்றது வரும். அதனால் தண்ணீரும் எடுத்தோம். போத்தலை வாளிக்குள் முழுக்க அமிழ்த்தி, தண்ணீருக்குள் வைத்தே மூடியை இறுக்கச் சொன்னேன். அவள் இறுக்கி எடுத்து, தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு குமிழிகூட இல்லை.